உதவித்தொகைப் பொறுப்பு வகிக்கும் கல்லூரி ஆசிரியர்களுக்கு

அன்புள்ள பொறுப்பாசிரியர்களே,

நீங்கள் என்ன பாடம் நடத்தினாலும், என்ன பட்டம் வாங்கியிருந்தாலும், கல்லூரியில் பாதிப் பிள்ளைகளுக்கு நீங்கள் ‘ஸ்காலர்ஷிப் சார்’ அல்லது ‘ஸ்காலர்ஷிப் மேடம்’. துறையில் கடைசியாகச் சேர்ந்தவர் என்பதாலோ, கம்ப்யூட்டர் தெரிந்தவர் என்பதாலோ, முதல்வர் கேட்டபோது முடியாது என்று சொல்லத் தெரியாதவர் என்பதாலோ இந்தப் பொறுப்பு உங்கள் தலையில் விழுந்திருக்கும். அதற்காகப் பாடவேளை குறையாது. படி எதுவும் கிடையாது. கல்லூரியின் தரத்தை மதிப்பிடும் நாக் குழு வரும் வாரத்தில் மட்டும் உங்கள் கோப்பைத் தேடுவார்கள்.

நானும் அந்த நாற்காலியில் இருப்பவள்தான். அரசு கலைக் கல்லூரி ஒன்றில் வணிகவியல் நடத்துகிறேன். இந்த மடலை எழுத வைத்தது, ஒவ்வோர் ஆண்டும் உதவித்தொகை இணையதளம் மூடிய மறுவாரம் ஆசிரியர் அறையில் கேட்கும் பேச்சு. “எத்தனை தடவை சொன்னோம்? ரீல்ஸ் பாக்க நேரமிருக்கு, அப்ளை பண்ண நேரமில்லையா? சும்மா வர்ற பணத்த வேண்டாம்னு விட்டுட்டுப் போகுதுங்க.” இப்படிச் சொல்பவர்கள் கெட்டவர்கள் இல்லை. பிள்ளைகளுக்குச் சொந்தக் காசில் ஜெராக்ஸ் எடுத்துக் கொடுப்பவர்களும் இதையேதான் சொல்கிறார்கள். ஆனால் இது உண்மை இல்லை. தேதியைத் தவறவிட்டவர்கள் என்று நாம் எழுதிவைக்கும் பெயர்களில், அலட்சியத்தால் விட்டவர்கள் கொஞ்சம் பேர்தான். மற்றவர்களின் விண்ணப்பம் அந்தத் தேதிக்கு வெகு முன்பே, ஜூன் மாதத்திலேயே, வேறு யாருடைய மேசையிலோ நின்றுபோயிருக்கிறது. இன்னும் சிலருடையது தேதிக்குப் பிறகு, நம் மேசையிலேயே நின்றுபோயிருக்கிறது.

நம் சுற்றறிக்கையை எடுத்துக்கொள்ளுங்கள். அலுவலக உதவியாளர் வகுப்புக்குக் கொண்டுவருவார். நடக்கிற பாடத்தை நிறுத்திவிட்டு நாம் வாசிப்போம். ‘ஆண்டு வருமானம் 2.5 லட்சம் ரூபாய்க்கு மிகாத பி.வ., மி.பி.வ., சீ.ம. மாணவ, மாணவியர்’ என்று அரசாணை நடையிலேயே இருக்கும். உரிய தேதிக்குள் விண்ணப்பிக்கத் தவறினால் நிர்வாகம் பொறுப்பல்ல என்பது கடைசி வரி. கையெழுத்துப் போட்டு அனுப்பிவிட்டு ஜர்னல் என்ட்ரிக்குத் திரும்பிவிடுவோம். அந்த இரண்டு நிமிடத்தில், இது தன்னைப் பற்றிய பேச்சு என்று புரிந்துகொண்ட பிள்ளை எத்தனை பேர்? சீ.ம. என்றால் சீர்மரபினர் என்பது தெரியாத சீர்மரபினப் பையனை நான் பார்த்திருக்கிறேன். இன்னொன்றும் உண்டு. மூன்றாண்டு இளங்கலைப் பட்டப்படிப்பில் சேர்ந்த பிற்படுத்தப்பட்ட, மிகப் பிற்படுத்தப்பட்ட, சீர்மரபினப் பிள்ளைகளுக்கு இலவசக் கல்வித் திட்டத்தில் வருமான நிபந்தனை கிடையாது, அந்த 2.5 லட்சம் முதுகலை, பாலிடெக்னிக், தொழிற்படிப்பு முதலியவற்றுக்கு. எல்லாவற்றையும் ஒரே தாளில் அடைத்து, வரம்பை முதல் வரியிலேயே போட்டுவிடுகிறோம். அப்பாவுக்குக் கொஞ்சம் சம்பளம் இருக்கிற பிள்ளை அந்த வரியோடு காதை மூடிக்கொள்கிறது. அந்தப் பெயரும் பிறகு நம் பட்டியலில் ‘தேதி தவறியவர்’ என்று ஏறும்.

சரி, புரிந்துகொண்ட பிள்ளைகளின் கதைக்கு வருவோம். ப்ளஸ் டூ ரிசல்ட் மே மாதத் தொடக்கத்தில் வந்துவிடுகிறது. அதன் பிறகு ஒரு மாதம் வீடே கல்லூரிக் கனவில் இருக்கும். சாதிச் சான்றிதழ் ஒருமுறை வாங்கினால் ஆயுளுக்கும் போதும். வருமானச் சான்றிதழ் அப்படி இல்லை, ஓராண்டுதான் செல்லும். பள்ளியில் கொடுத்தது கையில் இருக்கிறதே என்று பிள்ளை நினைத்திருக்கும். அதன் தேதி போன ஆண்டு ஜூலையோடு போய்விட்டிருக்கும். இ-சேவை மையத்தில் 60 ரூபாய் கட்டி விண்ணப்பித்தால் அது வி.ஏ.ஓ.விடம் போய், ஆர்.ஐ.யிடம் போய், தாசில்தார் ஒப்புதலோடு வர வேண்டும். சாதாரண மாதத்தில் சீக்கிரம் வந்துவிடும். ஆனால் ஜூன், ஜூலையில் தாலுகா முழுக்க எல்லா வீடுகளும் அதே சான்றிதழுக்கு நிற்கின்றன. இரண்டு கிராமத்துக்குப் பொறுப்பு பார்க்கும் வி.ஏ.ஓ. எந்த ஊரில் எந்தக் கிழமை இருப்பார் என்பது ஊர் டீக்கடைக்காரருக்குத்தான் தெரியும். ‘உங்க விண்ணப்பம் திருப்பி அனுப்பப்பட்டது’ என்று குறுஞ்செய்தி வந்திருக்கும். அது இ-சேவை மையத்துக்காரர் தன் வசதிக்காகப் பதிவுசெய்த எண்ணுக்குப் போயிருக்கும். பிள்ளை செப்டம்பர் வரை காத்திருக்கும்.

பழங்குடிப் பிள்ளைகளின் பாடு இதைவிடப் பெரிது. அவர்களுடைய சாதிச் சான்றிதழ் வருவாய்க் கோட்டாட்சியர் கையில். அண்ணனுக்குக் கிடைத்தது தங்கைக்குக் கிடைக்காத வீடுகள் உண்டு. அந்தப் பிள்ளையிடம் போய் “கடைசித் தேதி தெரியாதா?” என்று கேட்க எனக்கு வாய் வராது.

பொறியியல் கல்லூரியில் இருப்பவர்களுக்கு இந்த ஜூன் கணக்கு இன்னும் நன்றாகத் தெரிந்திருக்கும். முதல் தலைமுறைப் பட்டதாரிக்கான கட்டணச் சலுகை 2010-11 கல்வியாண்டு முதல் நடப்பில் இருக்கிறது. அதற்கான சான்றிதழைக் கலந்தாய்வு விண்ணப்பத்தோடு சேர்த்தே காட்ட வேண்டும். அதாவது, கல்லூரி வாசலை மிதிப்பதற்கு முன்பே அந்தத் தேதி வந்து போய்விடும். வீட்டில் இதற்கு முன்பு யாருமே கல்லூரிக்குப் போனதில்லை என்பதற்காகத் தரும் சலுகை அது. அதைப் பெற, கல்லூரி நடைமுறை எல்லாம் அத்துபடியாகத் தெரிந்த ஒருவர் வீட்டில் இருக்க வேண்டியிருக்கிறது! யார் வடிவமைத்தார்களோ, அவர்கள் வீட்டில் முதல் தலைமுறை என்றோ முடிந்திருக்கும்.

சான்றிதழ் கிடைத்துவிட்டது என்றே வைத்துக்கொள்வோம். அடுத்த தடை, பெயர். நம் ஊர்ப் பெயருக்கு முன்னால் ஓர் எழுத்து நிற்கும், அவ்வளவுதான். ஆதாரில் அப்பா பெயர் முழுதாக விரிந்து பின்னால் ஒட்டிக்கொண்டிருக்கும். மதிப்பெண் பட்டியலில் இனிஷியல் பின்னால் வரும். வங்கிப் புத்தகத்தில் முன்னால் வரும். மாரியம்மாள் ஓரிடத்தில் ஒய் எழுத்தோடு, ஓரிடத்தில் அது இல்லாமல். மனிதர்கள் பார்த்தால் ஒரே பிள்ளை என்று தெரியும். இணையதளத்துக்கு அது மூன்று பிள்ளை. தேசிய உதவித்தொகை இணையதளத்தில் ஆதாரை வைத்துத்தான் ஒருமுறைப் பதிவு எண்ணே கிடைக்கிறது. முகத்தையும் காட்டிச் சரிபார்க்க வேண்டும். ஆதாரில் பெயரைத் திருத்தப் போனால் அங்கே ஒரு வரிசை, அதற்கொரு ஆவணம், அது பதிவாகச் சில நாள்கள். நவம்பரில் சொன்னால் நடக்காது. ஜூனில் சொன்னால் நடக்கும்.

கைபேசி எண் கதையை நேரில் பார்த்தபடியே சொல்கிறேன். ஒரு பிற்பகல், முதலாமாண்டு மாணவி ஒருத்தி என் மேசைக்கு எதிரே உட்கார்ந்து அப்பாவை அழைக்கிறாள். அவர் எர்ணாகுளத்தில் கட்டட வேலையில் இருக்கிறார். இவள் ஆதாரோடு இணைந்திருப்பது அவருடைய எண். “ப்பா, மெசேஜ் ஒண்ணு வந்திருக்கும். அதுல ஆறு நம்பர் இருக்கும், படிப்பா.” “இங்கிலீசுல நெறைய வந்து கெடக்குத்தா, எதப் படிக்க?” “கடைசியா வந்தது.” படிக்கிறார், ஏழு இலக்கம் வருகிறது. மறுபடி படிக்கிறார். அதற்குள் நேரம் முடிந்து இணையதளம் வேறு எண் அனுப்புகிறது. அவர் பழைய எண்ணையே திரும்பப் படிக்கிறார். பின்னால் ஜல்லிக் கலவை மிஷின் ஓடுகிற சத்தம். யாரோ அவரை அதட்டுவது எங்களுக்குக் கேட்கிறது. “சாயங்காலம் ரூமுக்குப் போயிட்டுக் கூப்புடறேன்த்தா” என்று வைத்துவிடுகிறார். அவளுக்கு முகம் சுருங்கிவிட்டது, அழவில்லை. மறுவாரம் அவர் ஊருக்கு வந்தபோது கூட்டிக்கொண்டே வந்துவிட்டாள். பாதி நாள் கூலியை விட்டுவிட்டு அவர் என் மேசைக்கு முன்னால் போனை நீட்டியபடி நின்றார். ஐந்து நிமிடத்தில் வேலை முடிந்தது. கடைசித் தேதிக்கு இன்னும் நாள் இருந்ததால் முடிந்தது. அதே பிற்பகல் கடைசி நாளாக இருந்திருந்தால், நம் ஆசிரியர் அறைப் பேச்சில் அவளும் ரீல்ஸ் பார்க்கிற பிள்ளைதான்.

வங்கிக் கணக்கு பற்றி உங்களுக்கு நான் புதிதாகச் சொல்ல எதுவும் இல்லை. ஆனாலும் ஒன்று. ஆதார் எண்ணைக் கணக்கில் கொடுத்திருப்பது வேறு, அரசுப் பணம் வருவதற்கு அந்தக் கணக்கு ஆதாரோடு சீடிங் ஆகியிருப்பது வேறு என்பதைப் பிள்ளைகளுக்கு மட்டுமல்ல, சில கிளை அலுவலர்களுக்கும் விளக்க வேண்டியிருக்கிறது. கடைசியாக எந்த வங்கியில் சீடிங் ஆனதோ, பணம் அங்கே போகும். கிராமத்துக்கு வந்த முகவர் ஒருவர் விரல் ரேகை வாங்கிக்கொண்டு புதுக் கணக்கு தொடங்கிக் கொடுத்திருப்பார். பிள்ளைக்கு அது நினைவுகூட இருக்காது. இங்கே பாஸ்புக்கில் வரவு விழவில்லை என்று பிள்ளை அடுத்த ஆண்டு விண்ணப்பிக்கவே மாட்டேன் என்னும். பணம் அங்கே தூங்கிக்கொண்டிருக்கும். எந்த வங்கியோடு இணைந்திருக்கிறது என்பதை ஆதார் இணையதளத்திலேயே பார்த்துவிடலாம், ஓடிபி கையில் இருந்தால். ஆறாம் வகுப்பில் தொடங்கிய கணக்கு செயலற்றுப் போய்விட்டது என்று வங்கியில் சொன்னால், உதவித்தொகைக்காகத் தொடங்கிய கணக்குகளைப் பரிவர்த்தனை இல்லை என்பதற்காகச் செயலற்றவை என்று ஒதுக்கக் கூடாது என ரிசர்வ் வங்கி 2024 ஏப்ரல் முதல் நடைமுறைப்படுத்தியிருப்பதைச் சொல்லுங்கள். சண்டையாக வேண்டாம். மேலாளருக்கும் சில சமயம் தெரிந்திருக்காது.

இதெல்லாம் ஆயிரம், இரண்டாயிரத்துக்காக என்று நினைப்பவர்களும் நம்மில் இருக்கிறார்கள். கணக்குப் போட்டுப் பார்ப்போம், எனக்கு அது பழக்கம். ப்ளஸ் டூவில் தன் பாடப்பிரிவில் முதல் 20 விழுக்காட்டுக்குள் வந்து, குடும்ப வருமானம் 4.5 லட்சத்துக்குள் இருந்தால், மத்தியத் துறை உதவித்தொகைக்கு விண்ணப்பிக்கலாம். நாடு முழுவதும் ஆண்டுக்கு 82,000 புதிய பிள்ளைகளுக்குத் தருகிறார்கள், அதில் பாதி பெண்களுக்கு. இளங்கலையில் ஆண்டுக்கு 12,000 ரூபாய், முதுகலையில் 20,000. ப்ளஸ் டூ முடித்த அந்த ஆண்டில் விட்டுவிட்டால் அடுத்த ஆண்டு புதிதாகக் கேட்க வழியில்லை. ஒரு தேதி தவறினால் ஓராண்டு அல்ல, மூன்றாண்டுப் பணம் போகிறது, 36,000 ரூபாய். முதுகலையும் படித்தால் இன்னொரு 40,000. ஏ.ஐ.சி.டி.இ.யின் பிரகதி உதவித்தொகை தொழில்நுட்பம் படிக்கும் பெண்களுக்கு ஆண்டுக்கு 50,000 ரூபாய். வருமான வரம்பு 8 லட்சம். அதற்கும் முதலாமாண்டிலேயே, நேரடி இரண்டாமாண்டில் சேர்ந்தவர் என்றால் அந்த ஆண்டிலேயே, கேட்டாக வேண்டும். நான்காண்டுப் பொறியியலுக்கு அது 2 லட்சம். ஒரு குடும்பம் நகையை அடகு வைக்குமா, வைக்காதா என்பதை முடிவு செய்யும் தொகை இது. கிடைத்தவர்களும் ஆண்டுதோறும் புதுப்பிக்க வேண்டும். மத்தியத் துறை உதவித்தொகைக்கு 50 விழுக்காடு மதிப்பெண், 75 விழுக்காடு வருகை வேண்டும். இரண்டாமாண்டு வந்ததும் “அதான் போன வருஷமே போட்டுட்டேனே மேம்” என்று சொல்லும் பிள்ளையை ஒவ்வொரு வகுப்பிலும் பார்க்கலாம்.

ஆதிதிராவிடர் மாணவர்களுக்கான போஸ்ட் மெட்ரிக் உதவித்தொகை 1944-இல் தொடங்கியது, நம் குடியரசைவிட மூத்தது. 2020 டிசம்பரில் மத்திய அமைச்சரவை அதற்கு ஐந்தாண்டுகளுக்கு 59,048 கோடி ரூபாய் என்று ஒப்புதல் தந்தது. 60 பங்கு மத்திய அரசு, 40 பங்கு மாநில அரசு, பணம் நேராகப் பிள்ளையின் கணக்குக்கு. பணம் ஒதுக்கி, சட்டதிட்டம் எழுதி, இணையதளம் கட்டி, எல்லாம் செய்தாகிவிட்டது. கடைசி முழத்தில், நம் வளாகத்துக்குள், அது நின்றுவிடுகிறது.

நம் மேசைக்கு வந்துவிட்டேன். பிள்ளை தன் தேதிக்குள் ‘சப்மிட்’ கொடுத்துவிட்டது. அதோடு முடிந்ததா? தேசிய இணையதளத்தில் அடுத்து கல்லூரி சரிபார்க்க ஒரு தேதி, குறையுள்ள விண்ணப்பத்தைத் திருத்தித் திரும்ப அனுப்ப ஒரு தேதி, அதற்கு மேலே மாவட்ட அல்லது மாநில அலுவலர் சரிபார்க்க ஒரு தேதி. பிள்ளைக்குத் தெரிந்தது முதல் தேதி மட்டும். இரண்டாவது தேதி நம்முடையது. பருவத் தேர்வு மதிப்பீட்டு முகாம், தேர்தல் பணிப் பயிற்சி, பட்டமளிப்பு விழா என்று நாம் ஓடிக்கொண்டிருக்கும்போது அது வந்து போய்விடும். சரிபார்க்காத விண்ணப்பம் அப்படியே நிற்கும். யாரும் நிராகரித்தார்கள் என்றுகூட இருக்காது; ‘கல்லூரி நிலையில் நிலுவை’ என்று காட்டிக்கொண்டே இருக்கும். பிள்ளை அடுத்த மார்ச் வரை வங்கிக்கு நடக்கும். கேட்டால், “கவர்மெண்ட்ல இன்னும் போடல” என்போம். இதற்கு எந்தக் கல்லூரியிலும் பட்டியல் கிடையாது. பிள்ளை தவறவிட்டால் சுற்றறிக்கையின் கடைசி வரி இருக்கிறது. நாம் தவறவிட்டால் எந்த வரியும் இல்லை.

இதில் நம்மை மட்டும் குறை சொல்லவும் முடியாது. சிறுபான்மையினர் உதவித்தொகையில் நடந்த மோசடி 2023 ஆகஸ்டில் வெளியே வந்தது நினைவிருக்கும். ஆய்வு செய்த 1,572 நிறுவனங்களில் 830 போலி அல்லது செயல்படாதவை என்று கண்டார்கள், ஐந்தாண்டுகளில் 144 கோடி ரூபாய்க்கு மேல் போயிருந்தது, வழக்கு சி.பி.ஐ.க்குப் போனது. அதன் பிறகு கல்லூரிப் பொறுப்பாளருக்கும் முதல்வருக்கும் கைரேகைச் சரிபார்ப்பு, கூடுதல் ஓடிபி என்று பூட்டு மேல் பூட்டு. திருடனைப் பிடிக்கப் போட்ட பூட்டுதான், வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் பூட்டின் சாவி கல்லூரியிடம் இல்லை, ஓர் ஆசிரியரின் சொந்த செல்போனில் இருக்கிறது. அவர் மகப்பேறு விடுப்பில் போகலாம், மாறுதலில் போகலாம், ஓய்வு பெறலாம். மாறுதலில் போனவருடைய போனுக்கு ஓடிபி போய்க்கொண்டிருந்த கல்லூரியை எனக்குத் தெரியும். அவர் புதிய ஊரில் வகுப்பில் நின்றுகொண்டிருக்கும்போது இங்கிருந்து அழைப்பு வரும்: “சார், ஒரு நிமிஷம், ஓடிபி.” நல்ல மனிதர், வகுப்பு வாசலுக்கு வந்து சொல்லுவார். எல்லாரும் அப்படி எடுப்பார்களா?

தேதி நீட்டிப்பைப் பற்றியும் சொல்ல வேண்டும். நீட்டிப்பு பிள்ளைகளுக்கு நல்லதுதானே என்று தோன்றும். அக்டோபர் முடிவு என்பார்கள், நவம்பர் நடுவில் என்பார்கள், பிறகு இன்னொரு முறை தள்ளிப்போகும். மூத்த மாணவர்கள் இளையவர்களுக்குச் சொல்லிக் கொடுக்கும் முதல் பாடமே “எக்ஸ்டென்ட் பண்ணுவாங்கடா” என்பதுதான். ஏதாவது ஓர் ஆண்டில் நீட்டிக்க மாட்டார்கள். அந்தக் கடைசி நாள் இரவு பஸ் ஸ்டாண்ட் பக்கத்து பிரவுசிங் சென்டரில் நிற்கும் கூட்டத்தைப் பார்த்திருக்கிறீர்களா? ஒரு விண்ணப்பத்துக்கு இருநூறு ரூபாய் வரை கேட்பார்கள், கொடுப்பார்கள். சர்வர் சுற்றிக்கொண்டே இருக்கும். இரண்டாம், மூன்றாம் கட்டச் சேர்க்கையில் ஆகஸ்ட் கடைசியில் வந்து சேர்ந்த பிள்ளைகள் அந்த வரிசையில் அதிகம். அவர்கள் சேரும் முன்பே நம் சுற்றறிக்கை வகுப்பைச் சுற்றி வந்து கோப்புக்குள் போய்விட்டிருக்கும்.

தவறிய தேதியை நீதிமன்றம் திருப்பித் தந்த கதைகள் இரண்டு உண்டு. அவற்றைச் சொல்லி ஆறுதல்படுவோரும் உண்டு. 2021-இல் மும்பை ஐ.ஐ.டி.யில் இடம் கிடைத்த மாணவர் ஒருவர் கார்டு வழியாகக் கட்டணம் செலுத்த முடியாமல் இடத்தை இழந்தார். 2024-இல் உத்தரப் பிரதேசத்தின் முசாபர்நகர் மாவட்டத்துக் கூலித் தொழிலாளியின் மகனுக்கு தன்பாத் ஐ.ஐ.டி.யில் இடம். ஜூன் 24 மாலை 5 மணிக்குள் 17,500 ரூபாய் கட்ட வேண்டும். குடும்பம் பணத்தைத் திரட்டி முடித்தபோது மணி 4.45, இணையதளம் மூடியபோது பணம் போய்ச் சேரவில்லை. அந்த ஆண்டு தேர்வை நடத்தியது சென்னை ஐ.ஐ.டி. என்பதால் அவர் சென்னை உயர் நீதிமன்றம் வரை வந்து அலைந்தார். கடைசியில் செப்டம்பர் 30 அன்று உச்ச நீதிமன்றம் அரசியல் சட்டத்தின் 142-ஆம் பிரிவு தரும் தனி அதிகாரத்தைப் பயன்படுத்தி அவரைச் சேர்க்க உத்தரவிட்டது. 2021-இன் மாணவருக்கும் அதே நீதிமன்றம்தான் இடம் வாங்கித் தந்தது. இரண்டுமே மகிழ்ச்சியான செய்தி. ஆனால் ஐ.ஐ.டி. இடம் என்பதால்தான் வழக்கறிஞர்களும் செய்தியாளர்களும் திரும்பிப் பார்த்தார்கள். ஓர் அரசுக் கல்லூரி பி.ஏ. வரலாறு மாணவி 12,000 ரூபாய்க்காக 142-ஆம் பிரிவைக் கேட்டுத் தில்லி போவாளா? அவளுக்கு உச்ச நீதிமன்றம் நீங்களும் நானும்தான். நம்மிடம் 142 கிடையாது. ஜூன் மாதம் இருக்கிறது.

ஆகவே நான் கேட்பது பெரும்பாலும் ஜூன் மாத வேலை. சேர்க்கை நடக்கும் நாளில் கட்டணக் கவுன்டரை அடுத்து ஒரு மேசை போடுங்கள். என்.எஸ்.எஸ். பிள்ளைகள், இரண்டாமாண்டு மாணவர்கள் இரண்டு பேரை உட்கார வையுங்கள். அவர்கள் நம்மைவிட வேகமாகச் செய்வார்கள், புதிய பிள்ளைகளும் கூச்சமில்லாமல் பேசுவார்கள். அன்றைக்கு அப்பாவோ அம்மாவோ கூட வந்திருப்பார்கள், அவர்கள் போனும் கையில் இருக்கும். இந்த வாய்ப்பு மறுபடி கிடைப்பது அரிது. ஆதார், மதிப்பெண் பட்டியல், பாஸ்புக் மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பெயரைப் பார்க்கச் சொல்லுங்கள். ஓடிபி யாருடைய எண்ணுக்குப் போகிறது என்று அங்கேயே ஒருமுறை வரவழைத்துப் பாருங்கள். சீடிங் எந்த வங்கியில் என்று பாருங்கள். வருமானச் சான்றிதழின் தேதியைப் பாருங்கள். பழையது என்றால், திரும்பும் வழியிலேயே இ-சேவை மையத்தில் இறங்கச் சொல்லுங்கள். அப்பா கட்டுமான நல வாரியத்தில் இருந்தால் அந்த அட்டை புதுப்பித்திருக்கிறதா என்றும் கேளுங்கள், அங்கேயும் பிள்ளைகளின் படிப்புக்கு உதவி உண்டு. குறிப்பதற்கு ஒரு நோட்டுப் புத்தகம் போதும். அடுத்த கட்டச் சேர்க்கைக்கும் அதே மேசை, அதே நோட்டு.

சுற்றறிக்கையை விட்டுவிடச் சொல்லவில்லை. அதைத் திட்டத்துக்கு ஒன்றாகப் பிரித்து, ‘நீ அரசுப் பள்ளியில் ஆறு முதல் பன்னிரண்டு வரை படித்த பெண்ணா? புதுமைப்பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் உண்டு. பையனா? தமிழ்ப் புதல்வன் உண்டு’ என்று பிள்ளையைப் பார்த்துப் பேசுகிற மாதிரி எழுதலாம். வகுப்பு வாட்சப் குழுவில் பிடிஎஃப் ஆகப் போடாமல், குரல் பதிவாகப் போட்டால் கேட்கிறார்கள், அம்மாவுக்கும் போட்டுக் காட்டுகிறார்கள். அரசு சொல்லும் தேதிக்கு இரண்டு வாரம் முன்பு நம் கல்லூரித் தேதி ஒன்றை வைத்துக்கொள்ளுங்கள். அதை மட்டும் அறிவியுங்கள். நீட்டித்தாலும் நம் தேதியை நீட்டாதீர்கள்.

விண்ணப்பித்தவர்கள் பட்டியல் ஒட்டுகிறோம். அதன் பக்கத்தில் கல்லூரி சரிபார்த்து அனுப்பியவர்கள் பட்டியலையும் வாரம் ஒருமுறை ஒட்டிவிடுங்கள். பெயர் இல்லாத பிள்ளை வந்து கேட்கும், நமக்குச் சங்கடமாக இருக்கும். பரவாயில்லை. அந்தச் சங்கடம் டிசம்பரில் வரட்டும், மார்ச்சில் வேண்டாம்.

முதல்வர்கள் யாராவது இதைப் படித்தால் அவர்களுக்கு ஒன்று. ஜூலை முதல் நவம்பர் வரை பொறுப்பாசிரியருக்கு வாரத்தில் மூன்று, நான்கு பாடவேளை குறைத்துக் கொடுங்கள். கூட இன்னொருவரையும் போடுங்கள். ஒரே ஆளிடம் எல்லாச் சாவியும் இருப்பது அவருக்கும் பாரம், கல்லூரிக்கும் ஆபத்து.

கடைசியாக, மாறுதல் கலந்தாய்வில் உங்கள் பெயர் வந்து, விரும்பிய ஊரும் கிடைத்துவிட்டால், ரிலீவிங் ஆர்டர் கையில் வாங்குவதற்கு முன்பு எல்லா உதவித்தொகைத் தளங்களிலும் உங்கள் எண்ணை எடுத்துவிட்டு அடுத்தவர் எண்ணைப் பதியுங்கள். கைரேகையும் அவருடையதை ஏற்றி, உங்கள் கண் முன்னால் அவரை ஒருமுறை உள்ளே போய் வரச் சொல்லுங்கள். நிலுவையில் இருக்கும் பிள்ளைகளின் பெயரை எழுதிக் கொடுத்து, அவரிடம் கையெழுத்தும் வாங்கிக்கொள்ளுங்கள்.

அன்புடன்,
அரசு கலைக் கல்லூரி வணிகவியல் ஆசிரியை ஒருத்தி